வேலிக்குள் ஒரு பழுப்புக் குருவி

கோவைக்குக் கிழக்கே, நொய்யல் நீரால் நிரம்பும் குளங்களுள் ஒன்றின் கரையில், சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் பின்னிக் கிடக்கும் வேலி ஒன்று உண்டு. 2021ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில், கேமரா வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், அந்த வேலிக்குள் ஊர்ந்து திரிந்த சிறிய பழுப்பு நிறக் குருவி ஒன்றைப் படம் எடுத்தேன். அதன் பெயரை ஐயமின்றி எழுத எனக்கு மூன்று வலசைக் காலங்கள் ஆயின. சிறு பறவைகளைப் பற்றி நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு குருவியிடமிருந்து கற்றதுதான் என்பதால், அந்தத் தாமதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

நாரையையோ அரிவாள் மூக்கனையோ எடுத்த படம் சற்று மங்கலாக இருந்தாலும் பெயர் தெரிந்துவிடும். ஊர்க்குருவியைவிடச் சிறியதாய், உடலில் வரியோ புள்ளியோ இல்லாததாய், முதுகு பழுப்பாகவும் வயிறு வெளிறியும் இருக்கும் பறவையிடம் அது நடக்காது. தமிழ்நாட்டின் சமவெளியில் ஐப்பசி முதல் பங்குனி வரை இந்த வருணனைக்குள் அடங்கக்கூடிய குருவிகள் பல இருக்கின்றன. அவற்றுள் சில இங்கேயே கூடு கட்டி வாழ்பவை, சில ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருபவை. முதல் ஆண்டில் நான் எடுத்த பதினான்கு படங்களில் ஒன்றில்கூட வால் முழுமையாகத் தெரியவில்லை. இலைகளுக்கு இடையே முகமும் மார்பும் மட்டும் தெரிந்தன. ஆகவே, எங்கள் பகுதியில் மிகுதியாகக் காணப்படும் நீண்ட வால் கொண்ட வெண்புருவக் கதிர்க்குருவி என்று முடிவு செய்து அப்படியே பதிவும் செய்தேன். வால் தெரியாத படத்தை வைத்து, வாலால் அறியப்படும் பறவையின் பெயரை எழுதிவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறு ஆண்டு என்னை ஏமாற்றியது நிறம். காலை எட்டு மணி வெயில் உண்ணிச்செடியின் இலைகளில் பட்டுத் தெறித்து, அந்தக் குருவியின் முதுகைப் பசுமையாகக் காட்டியது. படத்தைப் பார்த்ததும், மர உச்சிகளில் பூச்சி தேடும் வலசைப் பறவையான பச்சைக் கதிர்க்குருவி என்று நினைத்தேன். பச்சைக் கதிர்க்குருவிக்கு அலகு சிறியது. கண்ணுக்கு மேலே தெளிந்த வெளிர்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னோக்கி நீளும். இறக்கை மடிப்பில் மெல்லிய வெள்ளைப்பட்டை ஒன்றும் பெரும்பாலும் தெரியும். என் படத்தில் இருந்த குருவிக்கு அலகு நீளமாகவும், நெற்றி தட்டையாகச் சரிந்தும் இருந்தன. இறக்கையில் பட்டை எதுவும் இல்லை. இவையெல்லாம் படத்தில் தெளிவாக இருந்தும் நான் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலை நிழலிலும், மாலை வெயிலிலும், மேகமூட்டத்திலும் ஒரே குருவி மூன்று நிறமாகத் தெரியும். அலகின் நீளம் மாறுவதில்லை.

அந்த ஆண்டு இறுதியில், அனுபவமுள்ள நண்பர் ஒருவர் என் படங்களைப் பார்த்து, பிளைத் நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம், ஆனால் இந்தப் படங்களை மட்டும் வைத்து உறுதி சொல்ல இயலாது என்றார். பெயரில் நாணல் இருந்ததால், அதன் பிறகு பல வாரங்கள் குளத்தின் மேற்கு மூலையில் சம்பும் நாணலும் அடர்ந்த இடத்தில் போய்க் காத்திருந்தேன். அங்கே அதைக் காணவே முடியவில்லை. எட்வர்ட் பிளைத் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகப் பொறுப்பாளராக இருந்தபோது, 1849இல் இந்தப் பறவையை அறிவியல் உலகுக்கு விவரித்து 'அக்ரோசெபலஸ் டூமெட்டோரம்' என்று பெயரிட்டார். அதன் பின்பாதிக்கு லத்தீனில் 'புதர்களுக்கு உரியது' என்று பொருள். நாணலுக்கு உரிய இனத்தில் பிறந்தும் குளிர்காலத்தைப் புதரிலும் வேலியிலும் தோட்டத்திலும் கழிக்கும் பறவை இது என்பதை அவர் வைத்த பெயரே சொல்லிவிடுகிறது. இதை முன்பே படித்திருந்தால், அத்தனை வாரங்களும் அந்த வேலியின் அருகிலேயே நின்றிருப்பேன்.

இறுதியில் வழி காட்டியவர், கரையில் ஆடு மேய்க்க வரும் முதிய பெண்மணி ஒருவர். வேலிக்குள்ளிருந்து இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவதுபோல 'டக்... டக்...' என்று விட்டுவிட்டு ஒலி வந்துகொண்டிருந்தது. அதுவரை நான் அதைத் தையல்சிட்டின் குரல்களுள் ஒன்று என்று கருதிப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தேன். "ஏனுங்க அம்மா, இந்தச் சத்தம் எப்பவும் இருக்குங்களா?" என்று கேட்டேன். "வெயில் காலத்துல கத்தாது கண்ணு. மழைக்கு முந்தி வந்து சேரும், சித்திரை பொறந்தா சத்தம் நின்னுபோயிரும்" என்றார். தையல்சிட்டு ஆண்டு முழுவதும் கத்தும் பறவை. சித்திரையில் நின்றுபோகும் குரல் என்றால் அது வலசை வந்த பறவையின் குரலாகத்தான் இருக்க வேண்டும். பறவையின் பெயரை அறியாமலே அதன் வரவையும் போக்கையும் அவர் காதால் கணக்கு வைத்திருந்தார். என்னிடம் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எவற்றிலும் அந்தத் தகவல் இல்லை.

அதன் பிறகு கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, நான்கு காலைகள் இருநோக்கியுடன் மட்டும் அங்கே அமர்ந்தேன். குரல் வந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அசையாமல் இருந்தால், ஐந்தாறு நிமிடங்களில் குருவி தானே வெளிப்பட்டது. தரையிலிருந்து இடுப்பளவு உயரத்திற்குள், தண்டுகளைப் பற்றி ஏறியும் இறங்கியும், ஒவ்வொரு தாவலுக்கும் வாலைச் சற்றே உதறியும் அது இரை தேடியது. வால் நீளமும் இல்லை, குட்டையும் இல்லை. நுனி வட்டமாக இருந்தது. கண்ணுக்கு முன்னே மட்டும் ஒரு வெளிர்க்கோடு அகன்று தெரிந்து, கண்ணைத் தாண்டியதும் மங்கி மறைந்தது. இதனுடன் குழம்பக்கூடிய வயல்வெளிக் கதிர்க்குருவிக்கு அந்தக் கோடு கண்ணுக்குப் பின்னாலும் தெளிவாக நீளும். அதன் மேல் விளிம்பில் கருமை படர்ந்திருக்கும். அலகு இதைவிடக் குட்டையாய், கீழலகின் நுனி கறுத்து இருக்கும். ஐந்தாம் நாள் கேமராவை எடுத்துச் சென்றபோது எதைப் படம் எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. 2024 ஜனவரியில், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின் முதல் நாள் பட்டியலில், பிளைத் நாணல் கதிர்க்குருவி என்று எழுதினேன்.

ஏறத்தாழ 12 கிராம் எடையுள்ள இந்தப் பறவை பின்லாந்து, பால்டிக் நாடுகள் தொடங்கி ரஷ்யா, நடு ஆசியா வரை கூடு கட்டி வாழ்கிறது. குளிர்காலத்தில் ஏறக்குறைய மொத்தக் கூட்டமும் இந்தியத் துணைக்கண்டத்திற்கும் இலங்கைக்கும் வந்து சேர்கிறது. ஐரோப்பாவில் அதைத் தேடிச் செல்பவர்கள் அதன் பாட்டைக் கேட்டு அடையாளம் காண்கிறார்கள். பிற பறவைகளின் குரல்களைக் கோத்துப் பாடுவதில் அது தேர்ந்தது. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த 'டக்' ஒலி மட்டுமே.

படம் எடுக்கும் முறையும் இதற்குப் பின் மாறியது. என்னிடம் இருப்பது 300 மில்லிமீட்டர் வரை நீளும் சாதாரண லென்ஸ்தான். பத்து மீட்டர் தொலைவில் உள்ள 13 சென்டிமீட்டர் பறவை அதில் சிறிதாகவே விழும் என்பதால், படத்தின் அழகை எதிர்பார்ப்பதில்லை. ஷட்டர் வேகத்தை நொடியில் 1,000இல் ஒரு பங்குக்குக் குறையாமல் வைத்து, அதற்காகக் கேமராவின் ஒளியுணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 1,600 வரை உயர்த்தத் தயங்குவதில்லை. புள்ளி தெறித்த படத்தில்கூட அலகின் வடிவம் தெரியும், அசைந்துபோன படத்தில் எதுவும் தெரியாது. வெளிறிய வானத்தின் முன் கிளையில் அமர்ந்த பறவை கறுத்து விழுந்துவிடும் என்பதால், அப்போது வெளிச்சத்தை ஒரு படி கூட்டி எடுக்கிறேன். முகம் பக்கவாட்டில் ஒன்று, மடித்த இறக்கை தெரியும்படி ஒன்று, வாலின் அடிப்புறம் ஒன்று, கால் ஒன்று எனப் பல படங்களைச் சேர்க்க முயல்கிறேன். கண்ணில் ஒளிப்புள்ளி மின்ன, மலரின் மேல் அமர்ந்த படம் மனத்துக்கு நிறைவு தரும். ஆனால் குருவியை உறுதி செய்தது, இலைக்குப் பின்னால் முதுகைக் காட்டி அமர்ந்திருந்த, எவரும் விரும்பாத படமாகவே பலமுறை இருந்திருக்கிறது. அத்துடன் கைபேசியில் ஒரு நிமிடமாவது குரலைப் பதிவு செய்துகொள்கிறேன்.

வீட்டுத் தோட்டத்துத் தேன்சிட்டுகளிடமும் இதே பாடம்தான். ஊதாத் தேன்சிட்டு ஆணையும் லோட்டன் தேன்சிட்டு ஆணையும் நிழலில் பார்த்தால் இரண்டும் கறுப்பு. லோட்டன் தேன்சிட்டின் அலகு நீண்டு ஆழ்ந்து வளைந்திருக்கும். வெயில் பட்டால் வயிறு பழுப்பாகத் தெரியும். இலங்கையில் 1752 முதல் 1757 வரை டச்சு ஆளுநராக இருந்த லோட்டனின் பெயரைத் தாங்கும் இப்பறவை, தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் இல்லை. பெண் பறவைகளைப் பிரிப்பது இன்னும் கடினம். அங்கும் நான் முதலில் பார்ப்பது அலகைத்தான்.

இரண்டை மட்டும் நான் செய்வதில்லை. கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும், கூட்டின் அருகே சென்று இலைகளை விலக்கிப் படம் எடுப்பதும் எனக்கு ஏற்புடையவை அல்ல. கதிர்க்குருவியின் கூட்டை மறைக்கும் இரண்டு இலைகளை நாம் விலக்கினால், காகமும் செண்பகமும் அதைக் கண்டுகொள்ளும். அந்தப் படத்திற்காக முட்டைகளை இழப்பது பறவை. நமக்கு அதில் எந்த இழப்பும் இல்லை.

இப்போதும் என்னிடம் பெயரிடாத படங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. கைபேசிச் செயலி படத்தைப் பார்த்து உடனே ஒரு பெயரைச் சொல்கிறது. அதை நான் தேடலின் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் இனம் உறுதியாகாத பறவையைக் 'கதிர்க்குருவி வகை' என்று பொதுவாகப் பதிவு செய்யவும் இடம் உண்டு. முன்பு அப்படி எழுத மனம் வராது. இன்று தயக்கமின்றி எழுதுகிறேன். முதலாம் ஆண்டின் தவறான பதிவையும் தேடி எடுத்து அவ்வாறே திருத்தினேன்.

சென்ற ஏப்ரல் 19 அன்று காலை, அந்த வேலியில் 'டக்' ஒலியைக் கடைசியாகக் கேட்டேன். மறுநாளும் அதற்கடுத்த வாரமும் சென்றேன். தையல்சிட்டு மட்டும் உரக்கக் கத்திக்கொண்டிருந்தது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்த அம்மா, நான் கேட்பதற்கு முன்பே, "போயிருச்சு கண்ணு, இனி ஆவணி முடியட்டும்" என்றார்.