மாடியில கேக்குற மணி, மலையில கேக்கல

எங்க மணி நாட்டு நாய், ரெண்டு வயசு. சேலம் கன்னங்குறிச்சி வீட்டு மொட்டை மாடியில "வா"ன்னு ஒரு தடவ சொன்னா தின்னுட்டு இருக்கறத விட்டுட்டு ஓடி வருவான். அந்த நம்பிக்கையில ஏற்காடு கூட்டிட்டுப் போனேன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஒரு காபி எஸ்டேட் ஓரமா எறக்கி விட்டேன், சில்வர் ஓக் மரத்துல ஒரு கொரங்கு, அவ்ளோதான், பனிக்குள்ள போயிட்டான். தொண்ட கிழிய கத்துறேன், ரோட்ல பஸ் சத்தம், காட்டெருமை வேற திரியிற எடம், அந்த 10 நிமிஷம் என் உசுரு என்கிட்ட இல்ல.

தானா வந்தான். கூட வந்தவங்க ரெண்டு போடுன்னாங்க, நான் தொடல. வந்ததுக்கு அடிச்சா, வந்தா அடி விழும்னு தான் அதுக்குப் பதியும், அடுத்த தடவ கிட்டவே வராது.

யோசிச்சா தப்பு அவன்மேல இல்லங்க. அவனுக்கு "வா"ங்கறது அந்த மாடி, துணிக்கொடி, எங்கம்மா கொலுசு சத்தம் எல்லாம் சேந்தது. ஒரு எடத்துல பழகுனத நாய் தானா இன்னொரு எடத்துக்குக் கொண்டு போகாது, ஒவ்வொரு எடத்துலயும் மறுபடி சொல்லித் தரணும்.

அதனால 30 அடி நைலான் கயிறு வாங்கி, நெஞ்சச் சுத்தி மாட்டுற ஹார்னெஸ்ல கட்டுனேன் (கழுத்துப் பட்டையில கட்டிராதீங்க, ஓடுற வேகத்துல கழுத்து சுண்டிரும்). மொதல்ல கேட் வாசல், அப்புறம் புரோட்டா கடை தெரு, அப்புறம் மூக்கனேரி கரை. சத்தமும் வாசனையும் கூடுனா கூப்புடுற தூரத்தக் கொறச்சுக்குவேன், தூரத்தையும் தொந்தரவையும் ஒண்ணா ஏத்துறதில்ல. ஒரு தடவ தான் கூப்புடுவேன், வந்தா வேகவெச்ச ஆட்டு ஈரல், வெளியில பிஸ்கட்டெல்லாம் எடுபடாது. ஈரல் குடுத்ததும் "போ"ன்னு திரும்ப மோந்து பாக்க விட்ருவேன், இல்லன்னா கூப்புட்டாலே வாக்கிங் முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கும். மழ பேஞ்ச அன்னிக்கு மண்ணுல வாசனை தூக்குமில்ல, அன்னிக்கு எதுவுமே கேக்கல, மறுபடி 5 அடியில இருந்து ஆரம்பிச்சோம்.

போன ஞாயித்துக்கெழம அடிவாரத்துல சுவத்து மேல நாலு கொரங்கு. மணி வெறச்சு நின்னுட்டான். 15 அடியில இருந்து "வா"ன்னேன். தல திரும்பல, எடது காது மட்டும் என் பக்கம் மடங்குச்சு. அந்த நொடியே "சபாஷ்டா"ன்னேன், திரும்பி ஓடி வந்தான். கை நெறைய ஈரல் குடுத்தேன்.

கயிறு இன்னும் கழட்டல.