பெயர் ஒட்டாத போத்தல்

நமது கல்லூரியில் உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு எங்கள் மாஸ்டரின் சட்டம் மறந்திருக்காது: "பெயர் ஒட்டாத போத்தலில கை வைக்கிறவன் வெளியில நிப்பான்." நான் இரண்டு தரம் நின்றிருக்கிறேன்.

லண்டனில் ஆய்வு மாணவனாகச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை, தங்கத்தைச் சிவப்பாக்குவது. பொன் குளோரைட்டின் ஐதான கரைசலைக் கொதிக்க வைத்து, அதில் சோடியம் சித்திரேற்றை ஊற்ற வேண்டும். இளமஞ்சள் வெளிறிப்போகும். சரி, பிழைச்சுப் போச்சு என்று நினைக்கையில் சாம்பல் படரும். பிறகு கத்தரிப்பூ நிறம். சில நிமிடங்களில் மாதுளஞ்சாற்றுச் சிவப்பு. உள்ளே மிதப்பவை 15, 20 நனோமீற்றர் (ஒரு நனோமீற்றர், மில்லிமீற்றரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவான தங்கத் துணிக்கைகள். ஒளி பட்டதும் அவற்றின் இலத்திரன்கள் கூட்டமாக ஊஞ்சலாடும். 520 நனோமீற்றரை அண்டிய பச்சை ஒளியை அந்த ஆட்டம் விழுங்கிவிட, நம் கண்ணுக்கு மிஞ்சுவது சிவப்பு.

ஒருநாள் அதை ஐதாக்கவென்று மேசையில் கிடந்த போத்தலை எடுத்து, தண்ணீர் என்று ஊற்றினேன். அது உப்புக் கரைசல். பார்த்துக்கொண்டிருக்கவே சிவப்பு ஊதாவாகி, நீலமாகிவிட்டது. துணிக்கைகளை ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளிக்கொண்டிருந்த மறை மின்னேற்றத்தின் பலத்தை உப்பு குறைத்துவிட்டது. அவை கூடி ஒட்டிக்கொண்டன. ஒட்டினால் விழுங்கப்படும் ஒளியும் சிவப்புப் பக்கம் நகரும், அதனால்தான் நீலம். போத்தலில் பெயர் இல்லை. யாரும் சொல்லாமலே கொஞ்ச நேரம் வெளியில் போய் நின்றேன்.

ஊரிலிருந்து வருகிறவர்களை பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய் லைகர்கஸ் கிண்ணத்தைக் காட்டுவது என் வழக்கம். 4ஆம் நூற்றாண்டு உரோமர் வேலை. முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் பச்சை, உள்ளிருந்து வந்தால் சிவப்பு. கண்ணாடிக்குள் இருப்பது வெள்ளியும் கொஞ்சத் தங்கமும். அதே நனோ துணிக்கைகள்தான். ஆங்கில விஞ்ஞானி மைக்கல் பரடே 1850களில் செய்த சிவப்புத் தங்கக் கரைசலும் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் இருக்கிறது. எனது ஒரு வாரம்கூடத் தாங்கியதில்லை என்பது வேறு கதை.

பிறகொரு விடுமுறையில் மாஸ்டரைப் பார்க்கப் போனபோது சின்னப் போத்தலில் 10 மில்லிலீற்றர் கொண்டுபோனேன். விறாந்தையில் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இதில எவ்வளவு தங்கம் கிடக்கு?" அரை மில்லிகிராம் என்றேன். கதவடியில் நின்ற அவர் மனைவி, "அப்ப ஒரு பவுணுக்கு எத்தனை போத்தல் வேணும், தம்பி?" என்றார். நான் கைத்தொலைபேசியை எடுக்குமுன் மாஸ்டர் சொல்லிவிட்டார்: "பதினாறாயிரம்."

அப்புறம் போத்தலைத் திருப்பி, நான் ஒட்டியிருந்த லேபிளை மூக்குக்கண்ணாடியை உயர்த்தி வாசித்தார்.

"பெயர் இருக்கு. திகதி எங்க?"