ஸ்டேஜ் 1பி என்ற ஒற்றை வரிக்குப் பின்னால்

மாதவிடாய் நின்று பல வருடம் கழித்து அம்மாவுக்கு மறுபடி ரத்தம் பட்டது. உடம்புச் சூடு என்று மோர் குடித்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். சித்திதான் போன் செய்து என்னிடம் சொன்னார். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்திருந்தது. பயாப்சியில் புற்றுநோய், கிரேடு 1 (செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதன் அளவு; 1 என்றால் குறைவு). ஆபரேஷன் செய்து கர்ப்பப்பை, சினைப்பைகள், இடுப்பு நெறிக்கட்டிகளை எடுத்தார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஸ்டேஜ் 1பி' என்று மட்டும் இருந்தது. "ஒண்ணுதானே, பயமில்லை" என்றார்கள் சொந்தக்காரர்கள். ஆனால் அடுத்த சிகிச்சை என்ன என்பது ஆபரேஷனில் எடுத்ததைச் சோதித்த முழு ரிப்போர்ட்டில்தான் இருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு ரேடியேஷன் டாக்டரிடம் போனோம். அவர் பேனாவால் கோடிட்டு வரி வரியாகச் சொன்னார்.

முதலில் கட்டியின் வகை. அம்மாவுக்கு எண்டோமெட்ரியாய்டு, பெரும்பாலானவர்களுக்கு வருவது. சீரஸ், கிளியர் செல் வகைகள் என்றால் ஆரம்ப ஸ்டேஜிலும் வேகமாகப் பரவக்கூடியவை. கிரேடு இப்போது 2 ஆகியிருந்தது. பயாப்சியில் கிடைப்பது சிறு துணுக்கு, முழுக் கட்டியைப் பார்க்கும்போது மாறலாமாம். அடுத்து ஆழம். கர்ப்பப்பைத் தசையின் தடிமன் 18 மில்லிமீட்டர், கட்டி 11 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பாதியைத் தொட்டாலே ஸ்டேஜ் 1ஏ என்பது 1பி ஆகிவிடும். நெறிக்கட்டிகளில் நோய் இல்லை.

அவர் அதிக நேரம் நின்றது எல்விஎஸ்ஐ என்ற வரியில். கட்டியைச் சுற்றியுள்ள நுண்ணிய ரத்த, நிணநீர்க் குழாய்களுக்குள் புற்றணுக்கள் நுழைந்திருக்கின்றனவா என்பது அது. அம்மாவுக்கு 'ஃபோக்கல்', அதாவது ஓரிரு குழாய்களில் மட்டும். நிறையக் குழாய்களில் இருந்திருந்தால் இடுப்புப் பகுதியில் நோய் திரும்பும் அபாயம் கூடும், வெளியிலிருந்து தரும் ரேடியேஷனை யோசித்திருப்போம் என்றார்.

செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பி53 புரதத்தையும், டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் எம்எம்ஆர் புரதங்களையும் பார்க்கும் டெஸ்ட்கள் செய்யப்படவில்லை. எடுத்த சதையை மெழுகு பிளாக்காக லேப்பில் வைத்திருப்பார்கள் என்பதால் புதிதாக எதையும் வெட்ட வேண்டியதில்லை. பிளாக்கை வாங்கி வேறு லேப்புக்கு அனுப்பினோம். பி53 இயல்பாக இருந்தது. அது கெட்டிருந்தால் கீமோ வரை பேச்சு போயிருக்கும். ஆனால் எம்எம்ஆர் புரதங்களில் எம்எல்எச்1, பிஎம்எஸ்2 இரண்டும் இல்லை என்று வந்தது. லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறிலும் இப்படி வருமாம். இருந்தால் எனக்கும் தம்பிக்கும்கூட அது வந்திருக்கலாம், குடல் புற்றுநோய் அபாயமும் இருக்கலாம். அந்த நாட்களில் எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை. அப்புறம், அந்த மரபணு கட்டிக்குள் மட்டும் அணைந்துபோயிருக்கிறதா என்று பார்க்கும் எம்எல்எச்1 மெத்திலேஷன் டெஸ்ட் பாசிட்டிவ் என்றதும் பரம்பரையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றார்கள்.

கடைசியில் பிரேக்கிதெரபி மட்டும் போதும் என்று முடிவானது. பிறப்புறுப்பில் சிறு குழாயை வைத்து உள்ளிருந்தே கதிர் கொடுப்பது. அம்மா அன்றன்றே வீட்டுக்கு வந்துவிட்டார்.

நோய் திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் மூன்று வருடங்களுக்குள் வரும் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறோம். ஆரம்ப நிலையில் பிடிபட்டவர்களுக்கு, காலம் போகப்போக இந்தப் புற்றுநோயைவிட இதய நோய்தான் பெரிய ஆபத்து என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். அம்மாவுக்கு சுகரும் எடையும் உண்டு. அதனால் இப்போது தம்பி தினமும் காலையில் அவரை நடக்கக் கூட்டிப்போகிறான்.