95 செ.மீ. மழையை எந்தப் பக்கம் சேர்ப்பது?

‘ரோபஸ்ட்’ என்ற சொல்லைப் புள்ளியியல் படித்தவரும் சொல்கிறார், பொறியாளரும் சொல்கிறார், உயிரியலாரும் சொல்கிறார். தமிழில் ‘தாக்குப்பிடிப்பது’ என்றால் எல்லோருக்கும் பொருந்தும். எதைத் தாக்குப்பிடிப்பது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. அதிலும் மழைக்கணக்கு எழுதுகிறவருக்கும் குளத்துக்கரை பார்க்கிறவருக்கும் அந்தப் பதில் நேர் எதிர். திருநெல்வேலிச் சீமையில் இரண்டு வேலையும் ஒரே மேசைக்கு வருவதால் குழப்பம் இங்கே ஆபத்தாகிறது.

முதலில் கணக்குப் பக்கம். ஒரு வட்டாரத்தில் ஏழு மழைமானிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் பதிவு, மில்லிமீட்டரில்: 12, 14, 11, 15, 13, 12, 130. கடைசி மானியில் உண்மையில் பெய்தது 13.0, எழுதும்போது புள்ளி விட்டுப்போயிற்று. சரியான எண்களுக்குச் சராசரி 12.9. ஒரு புள்ளி விட்டுப்போனதும் அது 29.6 ஆகிவிடுகிறது. ஏழு மானியில் ஆறு 15-ஐத் தாண்டவில்லை, சராசரியோ 30-ஐத் தொடுகிறது! ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால் பிழையோடும் 13, பிழை இல்லாமலும் 13. இந்த இடைநிலை அளவைக் கெடுக்க வேண்டுமென்றால் பதிவுகளில் பாதியைக் கெடுக்க வேண்டும். சராசரியைக் கெடுக்க ஒன்றே போதும். 1953இல் ஜார்ஜ் பாக்ஸ் ‘ரோபஸ்ட்’ என்ற சொல்லைப் புள்ளியியலுக்குள் கொண்டுவந்தார்; 1964இல் பீட்டர் ஹியூபர் அதற்கு முறையான கணிதம் அமைத்தார்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்கு மேல் போனால் சந்தேகப்படு’ என்ற விதியை அப்படியே போடுவார்கள். எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவுதான் திட்ட விலக்கம். மேலே உள்ள ஏழு எண்ணுக்குத் திட்ட விலக்கம் 44.3. 130 நிற்பது 2.27 விலக்கத்தில், விதி அதைப் பிடிக்காது. 130-க்குப் பதில் 13,000 என்று எழுதியிருந்தாலும் பிடிக்காது. தப்பான எண்ணே திட்ட விலக்கத்தையும் ஊதிவிடுகிறது. பதிவுகள் பத்து அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் எந்த எண்ணும் மூன்று விலக்கத்தைத் தாண்டவே முடியாது, அது கணிதத்திலேயே அடைபட்ட வழி. அதற்குப் பதில் இப்படிச் செய்யலாம்: ஒவ்வோர் எண்ணும் இடைநிலையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று எழுதி, அந்த விலகல்களுக்கு மறுபடி இடைநிலை எடுத்து, திட்ட விலக்கத்தோடு ஒப்பிடும்படி 1.4826-ஆல் பெருக்க வேண்டும். இங்கே 1.48 வருகிறது. 130 அதைப்போல் 79 மடங்கு தள்ளி நிற்கிறது. ஆனால் வெயில்காலப் பதிவில் இந்த முறையைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. பாதிக்கு மேல் சுழியம் இருந்தால் விலகலின் இடைநிலையும் சுழியமாகி, சுழியத்தால் வகுக்க வேண்டி வரும்.

இதற்கும் விலை உண்டு. எண்கள் எல்லாம் சுத்தமாக, மணி வடிவப் பரவலில் இருந்தால், 100 பதிவில் சராசரி தரும் துல்லியத்தை இடைநிலை எட்ட ஏறக்குறைய 157 பதிவு வேண்டும்.

இப்போது கரைப் பக்கம் வருவோம். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. மேலே சொன்ன முறைக்கு அது தள்ளிவைக்க வேண்டிய எண் மாதிரிதான் தெரியும். அது பிழை இல்லை, பெய்த மழை. கணக்கு எந்த எண்ணைக் கண்டு அசையக் கூடாதோ, அந்த எண்ணுக்காகத்தான் குளத்தில் மறுகால் கட்டுகிறோம்; குளம் நிறைந்ததும் மிகுதி நீர் வழிந்துபோகும் தாழ்ந்த கட்டுதான் மறுகால். 13 மி.மீ. இடைநிலையை வைத்து யாரும் மறுகாலுக்கு நீளம் போட முடியாது.

மறுகால் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதன்மேல் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் போகும் என்பது ஏறக்குறைய 1.7 × நீளம் × தண்ணீர் உயரத்தின் ஒன்றரை அடுக்கு. 20 மீட்டர் நீள மறுகாலில் 30 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் போனால் விநாடிக்கு 5.6 கன மீட்டர், அதாவது சுமார் 200 கன அடி. 60 செ.மீ. போனால் இரட்டிப்பு இல்லை, சுமார் 560 கன அடி. குளம் ஏற ஏற வெளியேற்றம் அதைவிட வேகமாக ஏறுகிறது. நடுராத்திரியில் சாவியோடு யாரும் போய் ஷட்டர் தூக்க வேண்டியதில்லை, கரண்டும் வேண்டாம். இதைவிட நல்ல அமைப்பை நான் பார்த்ததில்லை.

இதைக் கெடுப்பதும் சுலபம். பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் காணாது என்று மறுகாலில் 30 செ.மீ. உயரத்துக்கு மணல்மூட்டை அடுக்குகிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால் மறுகாலுக்கும் கரை உச்சிக்கும் இடையே இருந்தது ஒரு மீட்டர்தான் என்றால், கரை தாண்டுமுன் போகக்கூடிய அளவு 1,200 கன அடியிலிருந்து 700 கன அடிக்கு இறங்கிவிடும். மூட்டையை வெள்ளம் தள்ளிக்கொண்டு போய்விடும் என்று நம்புவது தப்பு. சாக்கு கிழியாமல், செடி சிக்கி, அங்கேயே இறுகி நிற்பதும் உண்டு. மண்கரையின் மேல் தண்ணீர் ஏறிவிட்டால் கதை தலைகீழ். வழிகிற இடம் அரிக்கும், அரித்த இடம் தாழும், தாழ்ந்த இடத்துக்கே தண்ணீர் எல்லாம் ஓடும். மறுகால் தன்னைத்தானே சரிசெய்கிறது, உடைப்பு தன்னைத்தானே பெரிதாக்குகிறது.

சங்கிலிக் குளங்களில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. மேல்குளத்து மறுகால் தண்ணீர் கீழ்க்குளத்துக்கு வரும். சாதாரண மழைக்கும் நடுத்தர வெள்ளத்துக்கும் இதைப்போல் தாங்கும் ஏற்பாடு கிடையாது. ஒன்று நிறைந்தால் அடுத்தது வாங்கிக்கொள்ளும். மேலே ஒன்று உடைந்தால் மாதக்கணக்கில் தேக்கியது சில மணி நேரத்தில் கீழே வந்து விழும், அடுத்த கரை அதற்குக் கட்டப்பட்டதில்லை. 2023இல் பல குளங்கள் உடைந்தன. ஒருவகை அதிர்ச்சியைத் தாங்கவென்று இணைத்த இணைப்பே வேறுவகை அதிர்ச்சியைக் கடத்தும் வழி.

பணகுடி, காவல்கிணறு பக்கத்துக் காற்றாலைகளிலும் இதே கேள்வி. பொதுவாக விநாடிக்கு 25 மீட்டர் காற்று வந்தால் பெரிய காற்றாலைகள் நின்றுவிடும்; இறக்கையைக் காற்றுக்கு விளிம்பு காட்டித் திருப்பிவிடும். மின்சாரம் போனாலும் இறக்கை திரும்பும்படி ஒவ்வோர் இறக்கைக்கும் தனி பாட்டரி வைப்பது ஒரு முறை. ஒன்று கெட வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றால் மூன்றும் கெட வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று தாளில் வரும். மூன்றையும் ஒரே நாளில் மாட்டி, மூன்றும் ஒரே வெயிலில் கிழடு தட்டியிருந்தால் அந்தப் பெருக்கல் செல்லாது. பொதுக் காரணம் ஒன்றுக்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு இருந்தாலே விடை ஆயிரம் மடங்கு மோசமாகும். பாட்டரிகளை வெவ்வேறு மாதத்தில் மாற்றுவது அதனால்தான் நல்லது.

கட்டுப்பாட்டுப் பொறியியலில் 1978இல் ஜான் டாயில் எழுதிய சிறு கட்டுரை ஒன்று உண்டு. எல்.க்யூ.ஜி. என்னும் உகந்த கட்டுப்பாட்டு முறைக்கு உத்தரவாதமான பாதுகாப்பு விளிம்பு உண்டா என்பது கேள்வி. சுருக்கவுரையே மூன்று ஆங்கிலச் சொல்தான்: அப்படி எதுவும் கிடையாது என்று. கொடுத்த கணித மாதிரிக்கு மிகச் சிறந்தது, உண்மை அந்த மாதிரியிலிருந்து கொஞ்சம் பிசகினால் கவிழலாம். ஈ.கோலை பாக்டீரியாவிலோ, 1997இல் பார்க்காய், லைப்லர் என்ற ஆய்வாளர்கள் கணித மாதிரியில் காட்டியபடி, புரத அளவுகள் பல மடங்கு மாறினாலும் உணவின் வாசனைக்குப் பழகிப் பழைய நிலைக்குத் திரும்பும் துல்லியம் மாறுவதில்லை. பழகப் பிடிக்கும் நேரம் மாறுகிறது. எது மாறாமல் இருக்க வேண்டும் என்று சொல்லாதவரை ‘தாக்குப்பிடிக்கும்’ என்ற சொல்லுக்கு அர்த்தமே வராது.

மேசைக்குத் திரும்பினால், விலகி நிற்கும் எண்ணை அழிக்காமல் குறிவைத்து வேறு பத்தியில் வைக்க வேண்டும். பக்கத்து மானிகளையும் அன்றைய குளத்து மட்டத்தையும் பார்த்த பிறகே அது எந்தப் பக்கம் என்று முடிவெடுக்கலாம். கரையில், ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) எடுத்துக்கொண்டு மறுகால் மட்டத்திலிருந்து கரை முழுக்க நடந்து, மாடும் வண்டியும் ஏறி இறங்கித் தேய்ந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மீட்டர் என்று கணக்கில் போட்ட உயரத்தை அந்தத் தாழ்ந்த இடத்தில்தான் அளக்க வேண்டும்.