‘அறுந’ என்று நின்றுபோன லிங்க்

போன புதன்கிழமை காலையில், யார் எதைத் தேடி நம் தளத்துக்கு வருகிறார்கள் என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷமாக மாதத்துக்குப் பத்துப் பேர்கூட எட்டிப் பார்க்காத ஒரு பதிவுக்கு இப்போது நாளொன்றுக்கு எண்பது, தொண்ணூறு பேர் வருகிறார்கள். தையல் மெஷினில் மேல்நூல் அறுந்துகொண்டே இருப்பதைப் பற்றிய பதிவு அது. அப்பா ஈரோட்டில் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதிய முதல் பத்துப் பதிவுகளில் ஒன்று. உள்ளே சொன்ன விஷயத்தில் நான் கைவைக்கவில்லை. தலைப்பு, லிங்க், எழுத்துக்குள் ஒளிந்திருந்த பிழை, இந்த மூன்றைத்தான் சரிசெய்தேன். அந்த மூன்றையும் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆனது. தமிழில் வலைப்பூ வைத்திருக்கிற எல்லோருக்கும் இது உதவும் என்பதால் விலாவாரியாகவே எழுதுகிறேன்.

முதலில் தலைப்பு. ‘தையல் இயந்திரத்தில் நூல் அறுபடுவதற்கான காரணங்கள்’ என்று வைத்திருந்தேன். நல்ல தமிழ்தான், எனக்குப் பிடித்த தலைப்பும்கூட. ஆனால் சர்ச் கன்சோலில் தேடல் சொற்களை வரிசையாகப் படித்தபோது ‘இயந்திரம்’ என்று தேடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ‘தையல் மிஷின் நூல் அறுந்து போகுது’, ‘மெஷின்ல நூல் கட் ஆகுது’, ‘நூல் அடிக்கடி அறுந்தா என்ன செய்யணும்’, இப்படித்தான் வருகிறார்கள். பாதிப் பேர் இதையே ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா அப்பாவிடம் வந்து எப்படிச் சொல்வாரோ, அச்சு அசல் அப்படியே. கடைக்கு வருகிறவர் ‘அறுபடுவதற்கான காரணம் யாது’ என்று கேட்கமாட்டார் என்பது எனக்குத் தெரியாததா? எழுத உட்கார்ந்ததும் கை தானாகப் பாடப்புத்தகத் தமிழுக்குப் போய்விடுகிறது. சர்ச் கன்சோல் 16 மாதத் தரவுதான் வைத்திருக்கும். அதனால் இப்போது மாதம் ஒருமுறை இறக்கித் தனியாகச் சேமித்துவைக்கிறேன். நீங்களும் செய்யுங்கள், பழைய வருஷத்தோடு ஒப்பிட வேண்டுமானால் வேறு வழி கிடையாது.

சரி, தலைப்பை ‘தையல் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தால்’ என்று மாற்றினேன். லிங்க்கும் தலைப்பைப் போலவே இருக்கட்டும் என்று ஸ்லக் (லிங்க்கின் கடைசியில் வரும் பதிவின் பெயர்) பெட்டியைக் காலியாக விட்டேன், என் தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் தானாகவே உருவாக்கிக்கொண்டது. அதைத் திறந்து பார்த்தால் ‘தையல்-மெஷினில்-நூல்-அறுந’ என்று முடிகிறது. ‘அறுந’வோடு சரி, அதற்குமேல் ஒன்றுமில்லை. தளத்தின் தோற்றத்தைத் தரும் ‘தீம்’ கோளாறு என்று நினைத்து அதை மாற்றினேன். பிளகின் என்கிற துணைநிரல்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை.

விஷயம் இதுதான். லிங்க்கில் தமிழ் எழுத்து தமிழாகப் போவதில்லை. எல்லா மொழிக்கும் பொதுவான கணினிக் குறியீடான யூனிகோடில் எழுதினால், லிங்க்கில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். லிங்க்குக்குள் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறுகிறது. ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். நமக்கு ‘தை’ ஓரெழுத்து, கம்ப்யூட்டருக்கு ‘த’ ஒன்று, ஐகாரக் கொம்பு இன்னொன்று. புள்ளியும் தனிக் கணக்கு. ‘தையல்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஐந்து குறி, 45 இடம். வேர்ட்பிரஸ் ஒரு ஸ்லக்குக்குக் கொடுப்பது மொத்தமே 200 இடம். என் தலைப்பை ஒரு தாளில் எழுதிக் கூட்டினேன். தையல் 45, கோடு 1, மெஷினில் 72, கோடு 1, நூல் 36, கோடு 1. ஆக 156. மிச்சம் 44. அதில் நான்கு குறிதான் அடங்கும்: அ, ற, உகரக் கொம்பு, ந. 192 ஆகிவிட்டது. அடுத்த புள்ளியைச் சேர்த்தால் 201. அங்கேயே வெட்டிவிட்டது. கூட்டல் சரியாக வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ராத்திரி பதினொன்றரைக்கு அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

நறுக்கென்று வெட்டுப்பட்டது மட்டும் பிரச்சினை இல்லை. அந்த லிங்க்கை காப்பி செய்து வாட்ஸாப்பில் ஒட்டினால் சதவீதக் குறியாக நான்கைந்து வரிக்கு நீள்கிறது. தையல்காரர் குழுவில் ஒருவர் ‘அண்ணா இது வைரஸ் லிங்க்கா, தொடலாமா?’ என்றே கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, பார்க்க அப்படித்தான் இருந்தது. கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாகரில் இருந்த காலத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை. தமிழில் மட்டும் தலைப்பு வைத்தால் அது தமிழ் எழுத்தையெல்லாம் விட்டுவிட்டு ‘பிளாக்-போஸ்ட்’ என்று ஒரு பெயரும் பின்னால் ஓர் எண்ணும் போட்டுவிடும். என் முதல் நாற்பது பதிவும் அந்தக் கதிதான்.

இப்போது நான் செய்வது: தலைப்பு தமிழில், பேச்சுவழக்கில். ஸ்லக் மட்டும் ஆங்கில எழுத்தில், மூன்று நான்கு சொல், மக்கள் தட்டுகிற அதே எழுத்துக்கூட்டலில். ஏற்கெனவே வெளியான பதிவின் ஸ்லக்கை மாற்றினால் பயப்பட வேண்டாம். வேர்ட்பிரஸ் பழையதை நினைவில் வைத்துக்கொண்டு புதியதற்குத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் அந்தச் சலுகை பதிவுகளுக்கு மட்டும்தான், வகைகளுக்கும் குறிச்சொற்களுக்கும் கிடையாது. அது தெரியாமல் ‘பாபின் கேஸ்’ (அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடு) வகையின் ஸ்லக்கை மாற்றிவிட்டேன். அந்த வகைப் பக்கத்துக்கு வெளியிலிருந்து வந்த லிங்க்கெல்லாம் ஒரு வாரம் ‘பக்கம் இல்லை’ என்று 404 காட்டியது. கையால் ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டேன்.

மூன்றாவதுதான் என்னை ரொம்ப வாட்டியது. பழைய பதிவுகளை அப்பாவின் கடைப் பையன் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்தான். நான் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினேன். திரையில் பார்த்தால் பழுதே தெரியாது. ஆனால் ‘மோட்டார்’ என்று தேடினால் என் பதிவு என் தளத்தின் தேடலிலேயே வரவில்லை. ஒரு நாள் அந்தச் சொல்லின் மேல் கர்சரை வைத்து ஒவ்வொரு குறியாக அழித்துப் பார்த்தேன். கடைசியில் இருந்தது ‘ர்’ இல்லை, துணைக்காலும் அதன்மேல் ஒரு புள்ளியும்! பாமினியில் காலும் ரகரமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருப்பதால் அடிக்கிறவர்கள் காலையே போட்டுவிடுகிறார்கள், அந்த எழுத்துரு மாற்றியும் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. ‘ரி’யும் ‘ரீ’யும் இதே கதைதான். தமிழில் துணைக்காலுக்கு மேல் புள்ளியோ விசிறியோ எந்தச் சொல்லிலும் வராது. அதனால் இதை மொத்தமாகத் தேடி மாற்றுவதில் ஆபத்தே இல்லை. ஒரே ராத்திரியில் ஆயிரத்துச் சொச்சம் இடம் சரியானது.

அந்தத் தைரியத்தில் அடுத்ததில் கைவைத்தேன். ‘கௌரவம்’ என்பதை ஒற்றைக்கொம்பு, க, ள என்று மூன்றாக அடித்திருந்தார்கள். கண்ணுக்கு ஒன்றேபோல இருக்கும், கணினிக்கு வேறு சொல். ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்தால் ஔகாரமாக மாற்று என்று கொடுத்துவிட்டேன். என் லேப்டாப்பில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. மூன்று நாள் கழித்து ஒரு வாசகி ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். ‘வெள்ளை நூல்’ என்ற இடத்தில் எழுத்துக்கு நடுவே புள்ளிபுள்ளியாக ஒரு வட்டம். ‘வெள்ளை’, ‘தெளிவு’, ‘வெளியே’ எல்லாவற்றிலும் கொம்புக்குப் பின்னால் ளகரம் இருக்கிறதே! அத்தனையையும் ஔகாரமாக்கி, அதன்மேல் புள்ளியும் விசிறியும் தொங்கவிட்டிருந்தேன். முதல் காரியமாக பேக்கப் எடுத்திருந்ததால் தப்பித்தேன். பேக்கப் இல்லாவிட்டாலும் மீட்க வழி உண்டு: ஔகாரக் குறிக்குப் பின்னால் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வந்தால் அது கட்டாயம் தவறு, அதை மட்டும் பழையபடி திருப்பலாம். உயிர்க்குறி இல்லாமல் தனி ளகரமாக நிற்பவற்றை மட்டும் கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். ஏனென்றால் நான் பேச்சுவழக்கில் ‘கெளம்பி’ என்று எழுதுகிற ஆள். அதையும் ‘கௌம்பி’ ஆக்கிவிடும். முந்நூற்றுச் சொச்சம் இடம், மூன்று ஞாயிற்றுக்கிழமை.

பேக்கப் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. முன்பு ஹோஸ்டிங் (தளத்தை வைக்கிற சர்வர் இடம்) வாங்கிய இடத்தில் தினசரி பேக்கப் இலவசம் என்று போட்டிருந்தார்கள். தேவைப்பட்டபோது கேட்டால் அது மேல் திட்டத்துக்கு மட்டுமாம். முதல் வருஷக் கட்டணத்தைப் பார்த்து மயங்கியது என் தவறு, இரண்டாம் வருஷம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. புதிதாக வாங்குகிறவர்கள் புதுப்பிக்கும் கட்டணத்தைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். டொமைனை (தளத்தின் முகவரிப் பெயரை) ஓரிடத்திலும் ஹோஸ்டிங்கை வேறிடத்திலும் வைத்துக்கொண்டால் மாறிப்போவதும் சுலபம். எழுத்துருவுக்குக் காசே வேண்டாம், முக்தா மலர், ஹிந்த் மதுரை இரண்டும் கூகுளில் இலவசம். முக்தா மலரை 18 அளவில் வைத்து வரி இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாகக் கொடுத்தேன். கண்ணாடி போட்ட தையல்காரர்கள் இப்போது கடைசிவரை படிக்கிறார்கள்.

ஆட்களைக் கூட்டிவருவதைப் பற்றியும் கேட்பீர்கள். 2004-இல், வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் வந்த காலத்தை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. எழுதியதைத் திரட்டியில் சேர்த்தால் போதும், அன்றைக்கே பின்னூட்டம் விழும். பல வலைப்பூக்களை ஓரிடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள், புதுப் பதிவை வாசகருக்கு அனுப்பிய ஃபீட்பர்னரின் மின்னஞ்சல் சேவை 2021-இல் நின்றது. இப்போது எனக்கு வாட்ஸாப்தான் திரட்டி. அதில் நான் வைத்திருக்கிற ஒரே கட்டுப்பாடு, லிங்க்கை மட்டும் தூக்கிப் போடமாட்டேன். குழுவில் யாராவது ‘நூல் அறுதுண்ணா’ என்றால் முதலில் பதிலை அங்கேயே முழுசாக எழுதுவேன்: ஊசியைக் கழற்றித் தட்டைப் பக்கம் சரியாக இருக்கிறதா பாருங்கள், ஊசிக்கண்ணில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் ஊசியைத் தூக்கி எறியுங்கள், டென்ஷன் திருகைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். படம் பார்க்க வேண்டுமானால் என்று சொல்லிக் கடைசியில்தான் லிங்க். அந்தப் பதில்தான் நான்கு குழுவுக்கு ஃபார்வர்டு ஆகிப் போகிறது. பதிவின் முகப்புப் படத்தைச் சின்னதாக அழுத்தி வையுங்கள். கனமான படம் வைத்திருந்தவரை வாட்ஸாப்பில் முன்னோட்டமே வராமல் வெறும் லிங்க் மட்டும் நின்றது.

இன்னொன்று, நேரம். தீபாவளிக்கு முந்தைய ஒன்றரை மாதம்தான் மெஷின்கள் ஓய்வில்லாமல் ஓடி மக்கர் செய்யும், தேடலும் எகிறும். அப்போது எழுதி அப்போதே பலன் கிடைக்காது, கூகுள் ஒரு பதிவை மேலே கொண்டுவர எனக்கு இரண்டு மூன்று மாதமாவது ஆகிறது. அதனால் ரிப்பேர்ப் பதிவுகளை ஆடிக்கு முன்னாலேயே ஏற்றிவிடுகிறேன்.

தமிழுக்கு கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில்தான் வந்தது. அதில் இப்போது வருகிற காசு ஹோஸ்டிங்குக்குச் சரியாகப் போகிறது. அடுத்து உதிரிபாகப் பெயர்களுக்கு ஒரு பக்கம் போட ஆசை. கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று படத்தோடு, ஈரோட்டில் ஒரு பெயர், திருநெல்வேலிப் பக்கம் வேறு பெயர் என்று இரண்டையும் போட்டு. புதியம்புத்தூர் ரெடிமேட் யூனிட்டில் வேலை பார்க்கிற ஒரு தம்பி பவர் மெஷின் பாகங்களைப் படமெடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்குள் பழைய கடன் பாக்கி இருக்கிறது: மொத்தம் 140 பதிவில் தலைப்பும் ஸ்லக்கும் மாற்றி முடித்தது 63. இன்றைக்கு ராத்திரி 64, ‘பாபின்ல நூல் சிக்கிக்கிட்டா’.