பத்து நிமிஷம் கழித்துத்தான் உயிர் வந்தது

சோமனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தறி குடோன். நானே பார்ட்ஸ் வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர், கேம் ஆரம்பித்த அரை மணி நேரத்தில் பொட்டென்று அணைந்துவிடும். விண்டோஸ் பழுதானால் வரும் நீலத்திரைகூட வராது. விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவு மட்டும் இருந்தது. விண்டோஸ் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்று மட்டும்தான் அந்த எண் சொல்லும், காரணம் சொல்லாது.

"தறி ஓடறப்ப கரண்டு இறங்குது கண்ணு," என்றார் அப்பா. மீட்டர் வைத்துப் பார்த்தேன், 228 வோல்ட், ஆடவேயில்லை. பிராசஸர் 70 டிகிரி, கிராபிக்ஸ் கார்டு 74. அதிகச் சூடில்லை. சரி, கரண்டும் காரணமில்லை, இவற்றின் சூடும் காரணமில்லை.

அணைந்த பிறகு பட்டனை அழுத்தினால் பத்து நிமிஷத்துக்கு அசைவே இருக்காது. அதுதான் துப்பு. சூடு தாங்காமல், கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்கும் பெட்டியான பவர் சப்ளை தன்னை நிறுத்திக்கொள்கிறது, ஆறியதும் எழுந்துகொள்கிறது. கேபினெட்டைச் சாய்த்தேன். பவர் சப்ளை காற்றை இழுக்கும் அடிவலை முழுக்கத் தறிப் பஞ்சு, கம்பளித் துண்டு மாதிரி. நகத்தால் நெம்பியதும் ஒரே தகடாக உரிந்து வந்தது.

பவர் சப்ளையை மட்டும் தயவுசெய்து பிரிக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். நான் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபேன் சுற்றாதபடி பிளாஸ்டிக் குச்சியால் தடுத்து, வெளியிலிருந்தே புளோயரால் ஊதினேன். அப்புறம் கேபினெட்டை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தேன். நேற்று மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடியது.