யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?

தெருவில் ஆட்களைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்லப்படும் முதல் பாடம், யார் கண்ணிலும் படக்கூடாது என்பது. ஆள் நம்மைப் பார்த்துவிட்டால் முகம் மாறிவிடும். அப்புறம் அது கேண்டிட், அதாவது ஆள் தன் இயல்பில் இருக்கும்போது எடுத்த படம் இல்லை, போஸ். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் இதற்காகத் தன் லைக்கா கேமராவின் பளபளப்பான பாகங்களில் கறுப்பு டேப்பை ஒட்டிக்கொண்டு அலைந்தவர். 1950 ஏப்ரலில், ரமணரின் கடைசி நாட்களில், திருவண்ணாமலைக்கு வந்து படமெடுத்தவரும் அவர்தான். அங்கே எப்படிச் சமாளித்தாரோ தெரியாது. ஆசிரமத்தில் வேறு வெள்ளைக்காரர்களும் இருந்ததால் தப்பித்திருப்பார். அதே லைக்காவும் டேப்புமாகச் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்துக்குள் நுழைந்திருந்தால், முதல் வேப்பமரத்தடியிலேயே மறித்திருப்பார்கள். "யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?"

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் எங்கள் பக்கம் எந்த ஊருக்குள்ளும் போக முடியாது. "யார் வீட்டுக்கும் இல்லைங்க, சும்மா படம் எடுக்கலாம்னு" என்றால் நம்பமாட்டார்கள். சும்மா ஒருவன் இந்த வெயிலில் அலைவானா? மாப்பிள்ளை வீட்டுக்காக விசாரிக்க வந்தவன், நிலம் அளக்க வந்தவன், தவணைப் பணம் கேட்டு வந்தவன், இவர்களில் யாரோ ஒருவன். கேமரா கொஞ்சம் பெரிதாக இருந்துவிட்டால் டிவிக்காரன்.

டீக்கடை வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடியில் தெருவே தெரிந்தது. நல்ல படம். மெதுவாகக் கேமராவைத் தூக்கினேன். பேப்பர் மடிந்தது, துண்டு தோளுக்கு வந்தது, தொண்டை கனைக்கப்பட்டது. "எந்த டிவி?" என்றுகூடக் கேட்கவில்லை. "எங்க ஊருக்குத் தண்ணி வந்து எட்டு நாளாச்சு..." என்று நேராக ஆரம்பித்துவிட்டார். "ஐயா, இது போட்டோ மட்டும்தான், பேசினா வராது" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தார். "பரவால்ல, போட்டோலயே போட்டுருங்க" என்றார். எட்டு நாள் தண்ணீர் வராத முகம் எப்படி இருக்குமோ, அப்படி வைத்துக்கொண்டார்.

ஆனால் இவரைவிடக் கேண்டிடுக்குப் பெரிய எதிரி நூறு நாள் வேலை. 2023 ஜனவரியிலிருந்து எல்லா வேலைத்தளங்களிலும் வருகைப்பதிவு செல்போன் செயலி வழியாகத்தான் என்று ஆனது. பணித்தளப் பொறுப்பாளர் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஆட்களைப் படமெடுத்து, இடமும் நேரமும் பதிவாகும்படி ஏற்ற வேண்டும். படத்தில் இல்லை என்றால் வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம். இது தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒரு கண்மாய்க் கரையில் அந்தப் பெண்கள் வேலை செய்வதைப் பார்த்தபோது வண்டியை நிறுத்தாமல் இருக்க முடியவில்லை. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு, மண் சட்டி கை மாறும்போது ஒருத்தி சொன்ன ஏதோ கதைக்கு மற்றவர்களின் சிரிப்பு. தூரத்தில் நின்றுதான் லென்ஸைத் திருப்பினேன்.

யாரோ ஒருத்தி பார்த்துவிட்டார். "ஏய், போட்டோ!" அவ்வளவுதான். சட்டி கீழே இறங்கியது, சிரிப்பு நின்றது. கருவேல மரத்தடியில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியாமல் வரிசையில் சேர்ந்தார்கள். முன்வரிசை உட்கார்ந்தது, பின்வரிசை நின்றது. யார் தலையும் யார் தலையையும் மறைக்கவில்லை. இப்படி ஒரு குரூப் போட்டோவைக் கல்யாண மண்டபத்தில் எந்தப் போட்டோகிராபரும் அரை மணி நேரம் கத்தாமல் எடுத்ததில்லை. நடுவில் இருந்தவர் கேட்டார்: "தம்பி, இது காலை போட்டோவா, மத்தியான போட்டோவா?"

நான் ஆபீஸ் ஆள் இல்லை என்று விளக்கினேன். "யாரா இருந்தாலும் சரி, நாங்க எல்லாரும் விழுந்திருக்கமான்னு பாத்துக்கங்க" என்றார்கள். எண்ணிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் வரிசை கலைந்தது.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை வந்ததிலிருந்து இன்னொரு தொல்லை. ஒரு வாசலில் ஒரு அக்காவைப் படமெடுத்தால் போதும், விட்டுப்போனவர்களுக்கு எடுக்கிறார்கள் என்று செய்தி தெருமுனை வரை போய்விடுகிறது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நாலு பேர் ரேஷன் கார்டோடு நிற்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு நகர்வது ஒன்றும் சிரிப்பான வேலை இல்லை. அதை விடுங்கள்.

ஆட்கள் மும்முரமாக வியாபாரம் செய்யும் இடத்தில் நம்மைக் கவனிக்கமாட்டார்கள் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். சரி என்று பொள்ளாச்சி மாட்டுச்சந்தைக்குப் போனேன். கேரள வியாபாரிகள் கூட்டமாக வரும் பெரிய சந்தை. அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. ஒரு துண்டைப் போட்டு மூடி, அதற்குள் ஒருவர் விரலை இன்னொருவர் பிடிப்பார். எந்த விரல், எத்தனை விரல் என்பதில் இருக்கிறது விலை. சுற்றி நிற்பவனுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். முகத்தில் ஒன்றும் தெரியாது. நான் அந்த முகத்தைத்தான் எடுக்கப் போனேன். தரகர் துண்டுக்குள்ளிருந்து கையை எடுக்காமலே திரும்பினார். "ஏனுங் தம்பி, வெலையப் படம் புடிக்கறீங்களா?" துணிக்கு அடியில் இருப்பதைக் கேமரா எடுக்காது என்று சொல்லிப் பார்த்தேன். "இப்பத்தான் என்னென்னமோ வந்துருச்சுங்களே" என்று துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். கடைசியில், "மாட்ட எடுங்க, நல்ல மாடு" என்று கயிற்றை என் பக்கம் நீட்டினார். மாடு மட்டும் என்னைச் சட்டையே செய்யாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சந்தையில் எனக்குக் கிடைத்த ஒரே கேண்டிட் முகம் அதுதான்.

இதில் நான் கண்ட வழி ஒன்று உண்டு. ஒளிந்து எடுக்காமல், கேட்டுவிட்டே முதலில் அவர்கள் விரும்புகிறபடி ஒரு போஸை எடுத்துவிடுவது. க்ளிக் சத்தம் கேட்டதும் தோள் இறங்கும், பிடித்துவைத்த மூச்சு வெளியே வரும், பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து ஒரு வெட்கம் வரும். கேமராவைக் கண்ணிலிருந்து இறக்காமல் இருந்தால் அந்த இரண்டாவது முகம் கிடைக்கும். 85 எம்எம் லென்ஸ் என்றால் நாலு எட்டு தள்ளி நின்றே எடுக்கலாம். ஒளிந்து நின்று டெலி லென்ஸில் சுடுவதைவிட இதுதான் யோக்கியமான வேலை என்பது என் கட்சி.

அந்த வழி திருப்பத்தூர் பக்கத்து அப்பத்தா ஒருவரிடம் மட்டும் செல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் பாம்படம் தொங்கிய காது, இப்போது வெறுமனே தோளைத் தொட்டு ஆடுகிறது. தெருமண்ணில் பட்ட வெயில் திரும்பி வந்து முகத்தில் விழுகிறது. "அப்பத்தா, ஒரு படம் எடுத்துக்கவா?" என்றேன். "இரு அப்பு" என்று உள்ளே போனவர் வர வெகுநேரம் ஆனது. வரும்போது மடிப்புக் கலையாத சுங்குடிச் சேலை, பாதி தேய்த்த பவுடர், பட்டை திருநீறு, கையில் ஒரு பிளாஸ்டிக் சேர். திண்ணையும் புளியும் வேண்டாமாம்.

"கொஞ்சம் சிரிங்க அப்பத்தா."

"சிரிச்சா பல்லு தெரியும்."

எதிர்வீட்டு வாசலில் இருந்து ஒரு குரல்: "இருந்தாத்தானே தெரியும்!"

அப்பத்தா திரும்பி ஒரு முறை முறைத்துவிட்டு வசவை ஆரம்பித்தார். கை நீண்டு, காது ஆடி, கண்ணில் சிரிப்பும் கோபமும் சரிபாதி. எடுத்துவிட்டேன். இதுவல்லவா படம் என்று திரையில் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு ஆகும்? நான் போனப்பறம் தெருமுக்குல போஸ்டர் ஒட்டுவாய்ங்கள்ல, அதுக்குன்னு எடு. இல்லாட்டி மூத்த மருமக ஆதார் காரட்டுல இருக்கதத்தான் பெருசு பண்ணி ஒட்டுவா. அதுல நான் களவாணி மாதிரி இருக்கேன்."

சேரில் நிமிர்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார். "மாருவரைக்கும் விழுந்தாப் போதும். கலர்லயே எடு. தலைக்கு மேல கொஞ்சம் எடம் விடு அப்பு, கண்ணீர் அஞ்சலின்னு எழுத வேணாமா?"

"கீழயும் விடுங்க தம்பி," என்றது எதிர்வீடு. "பேரன் பேத்தியே பதினோரு பேரு!"